ஏழாண்டுப் பயிற்சியும் ஒருநாள் அரங்கும்: அரங்கேற்று காதை பற்றிய ஒரு நோக்கு

சிலப்பதிகாரத்தைப் பாடநூலாகக் கொண்டு பயிலும் மாணவருட் பெரும்பாலோர் புகார்க் காண்டத்தின் மூன்றாங் காதையை விரைந்து கடந்து செல்வர். மங்கல வாழ்த்துப் பாடலிலே திருமணமும் மனையறம் படுத்த காதையிலே இல்வாழ்வின் இன்பமும் பேசப்பட்டபின், கதை இனி எங்கே திரும்பும் என அறிய அவாவி நிற்கும் வாசகனின் முன்னே, இளங்கோவடிகள் ஆசிரியர்களின் இலக்கணங்களையும் யாழின் நரம்புகளையும் அரங்கின் நீள அகலங்களையும் கொண்டுவந்து நிறுத்துகின்றார். கதையோட்டத்தைத் தடைசெய்யும் பகுதி இது என்பர் சிலர். கலைவரலாற்று ஆய்வாளருக்கு மாத்திரமே பயன்படும் பகுதி இது என்பர் வேறு சிலர். இரண்டாவது கூற்றுக்கு ஓரளவு நியாயமுண்டு. இக்காதையில் யாழாசிரியனின் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளையே அடிப்படையாகக் கொண்டு சுவாமி விபுலாநந்தர் எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. இருபத்தைந்து அடிகளிலிருந்து ஒரு பெருநூல் எழக்கூடுமாயின், அவ்வடிகள் கருவூலமே என்பதில் ஐயமில்லை. எனினும் கருவூலம் எனப் போற்றப்படும் ஒன்று காப்பியத்தின் உறுப்பாக நின்று யாது செய்கின்றது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படாமலே போய்விடுகின்றது. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கேற்று காதை, சுருங்கக் கூறின், ஆயத்தம் பற்றிய காதையாகும். வாய்ப்பு வருமுன்னரே அதனை எதிர்கொள்ளும் ஆற்றலை ஒருவர் எவ்வாறு ஈட்டிக்கொள்கின்றார் என்பதை இத்துணை விரிவாகவும் நுணுக்கமாகவும் எடுத்துக்கூறும் பகுதி பழந்தமிழ் இலக்கியத்தில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. இக்காலத்தில் நாம் தன்னம்பிக்கை என்னும் சொல்லை மிகுதியாக வழங்குகின்றோம். அது உள்ளத்தில் வருவித்துக்கொள்ளத்தக்க ஓர் உணர்ச்சி என்றும், நெஞ்சை நிமிர்த்தி நின்றாற் போதுமானது என்றும் கருதுவோர் பலர். பழந்தமிழ்ச் சிந்தனை அவ்வாறு கருதியதாகக் கூறமுடியாது. திருவள்ளுவர் அவையறிதலை முன்வைத்து அவையஞ்சாமையைப் பின்வைத்தமை தற்செயலானதன்று. அவையிலே அஞ்சாது விடைகூற வேண்டுமாயின் அதன்பொருட்டு அளவைநூலை முறையறிந்து கற்றிருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. அஞ்சாமை கல்வியின் பின்னே வருவதொன்று. ஆயின் கற்றும் அவைக்கு அஞ்சுவோரையும் அதே அதிகாரத்தில் அவர் கண்டு வருந்துகின்றார். கல்விக்கும் அஞ்சாமைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்பதை அவர் அறிவார். அவ்விடைவெளி எதனால் நிரப்பப்படுகின்றது என்பதை வள்ளுவர் விரித்துரைக்கவில்லை. அதனை விரித்துக் காட்டியவர் இளங்கோவே.

ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றினுள் ஒன்றும் குறைவுபடாத வகையில் ஏழாண்டு பயிற்றப்பட்டுப் பன்னிரண்டாம் ஆண்டிலே சோழ மன்னனின் முன் காட்டப்படுகின்றாள் மாதவி. அஃதாவது ஐந்தாம் வயதிலே தொடங்கிய பயிற்சி. இதனைச் சில அடிகளிற் கூறிவிட்டு அடிகள் உடனே அரங்கிற்குச் செல்லவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரை நிரலே நிறுத்தி, ஒவ்வொருவரும் எவ்வெவற்றை அறிந்திருத்தல் வேண்டும் எனக் கூறிச் செல்கின்றார். காதையின் 175 அடிகளில் ஏறத்தாழ அரைவாசி இவ்வறுவருக்கே உரியதாகின்றது. இவர்களுள் ஒருவருக்கேனும் பெயர் தரப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடைபெறும் அரங்கேற்றங்களின் அழைப்பிதழ்களிலே குருவின் பெயரும் பக்கவாத்தியக் கலைஞரின் பெயர்களும் தகைமைகளை முந்திக்கொண்டு நிற்பதைக் காண்கின்றோம். இளங்கோவின் அழைப்பிதழிலே தகைமை மாத்திரமே உண்டு.

இவ்வறுவருள் இருவர் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். முதலாமவன் புலவன். தமிழை முழுதறிதல், வேத்தியல் பொதுவியல் என்னும் இரண்டனையும் உணர்தல் முதலாகப் பல தகுதிகள் அவனுக்குக் கூறப்பட்டுள்ளன. அவற்றோடு மாற்றோர் கூறும் வசைமொழியை முன்கூட்டியே அறிந்து, அவ்வசைக்கு இடமில்லாதவாறு பாடலை இயற்றவல்லவனாதலும் வேண்டும் என்கின்றார் அடிகள். அரங்கேற்றத்திற்கு முன்னரே எதிர்ப்பாரின் குரலைக் கேட்டுவிட்ட ஒருவன் குழுவில் இருக்கின்றான். எது குற்றமெனச் சொல்லப்படும் என்பதை அறிந்து, அதற்கான விடையைத் தன் படைப்பினுள்ளேயே வைத்துவிடுகின்றான். அவைக்கு அஞ்சாமை என்பது அவையைப் பொருட்படுத்தாமை அன்று, அவையைத் தனக்குள்ளே முன்னரே அமர்த்திப் பார்த்திருத்தலே என்னும் கருத்து இங்கே ஒரு தொழில்நுட்ப விதியின் வடிவிலே வெளிப்படுகின்றது.

மற்றையவன் தண்ணுமை ஆசிரியன். அவன் தன் கருவியை வாசிப்பதோடு அமைவதில்லை. ஏனைய கருவிகளிடத்துக் குறை நேருமிடத்தில் நிரப்பியும், மிகை நேருமிடத்தில் அடக்கியும், அவ்வாறு செய்வது கேட்போர் செவிக்குப் புலப்படாதவாறு செயற்படவேண்டியவன். ஆடுகின்ற சிறுமிக்கு இதைவிடப் பெரிய துணை யாது? தவறு நேரினும் தாங்கிக்கொள்ளக் கைகள் உண்டு என்ற அறிவுடனேயே அவள் அரங்கிலே கால்வைக்கின்றாள். நம்பிக்கை ஒரு தனிமனித உடைமை என்ற எண்ணம் இவ்விடத்தில் உடைந்துவிடுகின்றது. மாதவியின் உறுதி அறுவரின் அறிவாலும் ஏழாண்டின் உழைப்பாலும் கட்டப்பட்டது. கட்டப்பட்டது என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகின்றேன். ஏனெனில் ஆசிரியர்களை அடுத்து இளங்கோ பேசுவது அரங்கைக் கட்டும் முறையாகும்.

அரங்கு அளக்கும் கோல், மலையிலே நெடிதோங்கி வளர்ந்த மூங்கிலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி உள்ளதாகத் தெரிந்தெடுக்கப்படுகின்றது. இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டதாக அரங்கு அமைகின்றது. மேலே இடப்படும் உத்தரப் பலகைக்கும் அரங்கின் பலகைக்கும் இடையே நான்கு கோல். வாயில்கள் இரண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். விளக்குகளோ தூண்களின் நிழல் அரங்கிலே விழாது புறத்தே விழும்படி ஏற்றப்படுகின்றன. இவ்விறுதிச் செய்தி என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. தூணின் நிழல் ஆடுபவளின் முகத்திலோ கையிலோ விழுந்தால் என்ன நேரும் என்பதை ஆட்டத்தை அடியோடு அறிந்த ஒருவனே எண்ணிப் பார்க்கமுடியும். ஆயத்தம் என்பது இத்தகைய சிறு நிழல்களை முன்னறிதலே. பெருந்தடைகளை எல்லோரும் எண்ணிப்பார்ப்பர்.

இவையெல்லாம் முடிந்து அவள் ஆடும் இடம் வருகின்றது. இசைக்கருவியாளர் முறைப்படி நிற்க, வலக்காலை முன்வைத்து ஏறி, வழக்கப்படி வலத்தூணைச் சேர்ந்து நிற்கின்றாள். குழலை யாழ் தொடர, யாழைத் தண்ணுமை தொடர, தண்ணுமையை முழவு தொடர, இசை பெருகுகின்றது. ஆடலின் ஒழுங்கு கூறப்படுகின்றது. ஆனால் ஆடியவளைப் பற்றியோ? பொன்னாலாகிய பூங்கொடி ஒன்று வந்து ஆடினாற்போல் இருந்தது என்ற ஓர் உவமை. நாட்டிய நூலை நன்கு கடைப்பிடித்துக் காட்டினாள் என்ற ஒரு தீர்ப்பு. அவ்வளவே. அவள் நெஞ்சு படபடத்ததா, மன்னனைக் கண்டு கண் தாழ்ந்ததா, முதலடி பிழையாது அமைந்தபோது அகம் மலர்ந்ததா என்பன பற்றி ஒரு சொல்லேனும் இல்லை.

இது காப்பிய மரபென ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க முடியாது. அடுத்து வரும் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலே, ஒரே நிலவின் கீழ் மாதவியின் மகிழ்ச்சியையும் கண்ணகியின் துயரையும் எதிரெதிராக வைத்துத் தீட்டுகின்றார் அடிகள். பெண்ணின் அகவுணர்வைப் பாடத் தெரியாத கவிஞரல்லர் அவர். இவ்விடத்திலே அவர் மௌனம் சாதிப்பது, சொல்ல வேண்டியது ஏற்கனவே சொல்லப்பட்டுவிட்டது என்பதனாலாகும். மாதவியின் நம்பிக்கை தண்ணுமை ஆசிரியனின் விரலிலும், புலவனின் முன்னறிவிலும், புறத்தே விழும் தூணின் நிழலிலும் இருக்கின்றது. அதனை நெஞ்சிலே தேடுவதற்குத் தேவையில்லை. அரங்கேறும் பெண்ணின் உள்ளத்தைக் காட்டி வாசகனைப் பதற்றத்தில் ஆழ்த்துவதே இக்காலப் புனைகதையாளன் பெரும்பாலும் கையாளும் உத்தி. இளங்கோவின் உத்தி அதனினும் கடினமானது. பதற்றத்திற்குரிய காரணங்கள் ஒவ்வொன்றையும் நம் கண்முன்னே நீக்கிக் காட்டிவிட்டு, பின்னரே அவளை மேடையேற்றுகின்றார். இந்த வகையில் நோக்குமிடத்து, கதையைத் தடைசெய்வது எனப் பழிக்கப்பட்ட நீண்ட விவரணம் உண்மையிலே பாத்திரப் படைப்பாக அமைகின்றது எனலாம்.

இதுவரை கூறியதோடு நிறுத்தினால், முன்கூட்டியே பயின்றவன் வெல்வான் என்ற இனிய நீதியோடு இக்காதையை மூடிவைக்கலாம். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களிலே சொல்வதற்கு அது மிகப் பொருந்தும். ஆனால் இளங்கோ அவ்வாறு மூடவில்லை.

தலைக்கோல் என்பதை எடுத்துக்கொள்வோம். பகையரசர் போரிலே புறங்கொடுத்தபோது கைப்பற்றப்பட்ட வெண்கொற்றக்குடையின் காம்பே அது. கணுக்களில் நவமணி பதித்து, இடையிடையே பொற்றகடு போர்த்து, இந்திரன் மகன் சயந்தனாக அதனைப் பாவித்து அரண்மனையிலே வழிபடுகின்றனர். பொற்குடத்து நீரால் அதனை நீராட்டி மாலையணிந்து, பட்டத்து யானையின் கையிலே கொடுத்து, முரசு முழங்க, மன்னனும் ஐம்பெருங்குழுவும் தேரை வலஞ்செய்து, ஊர்வலமாகக் கொணர்ந்து அரங்கிலே வைக்கின்றனர். மாதவியின் ஏழாண்டு உழைப்பை அளக்கும் கோல் ஒரு போர்க்களத்தின் கொள்ளைப் பொருளாகும். அரங்கை அளந்த மூங்கிற் கோல் மலையிலிருந்து வந்தது. ஆடியவளை அளந்த கோல் தோற்ற வேந்தனின் கையிலிருந்து வந்தது. ஆயத்தம் கலைஞருடையது, வாய்ப்போ அரசனுடையது. இவ்விரண்டும் ஒரே மேடையிலே சந்திக்கின்றன என்பதனால் ஒன்றாகிவிடமாட்டா.

அதே மேடையில் இடத்தூணின் பக்கத்தே தோரிய மகளிர் நிற்கின்றனர். முன்னொரு காலத்தில் ஆடி, இப்பொழுது ஆடும் பருவம் கடந்து, பாடுதற்கு உரியவராய் நிற்போர் இவர் என உரைகளால் அறிகின்றோம். வலத்தூணில் பன்னிரண்டு வயதுச் சிறுமி. இடத்தூணில் அவளது எதிர்காலம். இதனை இளங்கோ உணர்ந்தே வைத்தாரா, வழக்கத்தைப் பதிவு செய்தாரா என்பதை வற்புறுத்த விரும்பவில்லை. ஆயினும் படித்த கண்ணுக்கு அது தெரியாமற் போகாது.

ஆட்டம் முடிகின்றது. மன்னன் பச்சைமாலையும் தலைக்கோற் பட்டமும் அளிக்கின்றான். விதிப்படி ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் அவள் பெறும் பரிசாகின்றது. உடனே, மூச்சுவிடும் இடைவெளி கூட இன்றி, அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு ஒரு விலையாக மாறுகின்றது. இம்மாலையை வாங்குவோன் நம் கொடிபோன்றாளுக்கு ஏற்றவனாவான் எனக் கூறி, ஒரு கூனியின் கையில் மாலையைக் கொடுத்து, நகரத்து இளைஞர் திரியும் தெருவிலே விற்பனைக்கு நிறுத்துகின்றனர். கொடுத்தவர் யார் என்பதை அடிகள் பெயர்சுட்டிக் கூறவில்லை. நம் கொடி என்ற உரிமைக் குரல் மாத்திரமே கேட்கின்றது. கோவலன் வாங்குகின்றான். கூனியோடு சென்று மாதவியை அடைகின்றான். தன் மனையை மறக்கின்றான். காதை முடிகின்றது. தொடக்கம் முதல் இறுதிவரை மாதவி ஒரு சொல்லும் பேசவில்லை.

பரிசும் விலையும் ஒரே எண்ணிக்கையாக இருப்பதே இக்காதையின் அச்சாணி என்பேன். ஏழாண்டு பயின்றது எதற்காக என்னும் வினாவுக்குத் தெரு விடைகூறுகின்றது. அவளது கலை உண்மையானது. அவளது தேர்ச்சி உண்மையானது. அதனாற் பிறந்த உறுதியும் உண்மையானது. ஆயின் அவளது ஆயத்தத்தின் பயனைத் தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இல்லை. பிறப்பிலும் குறைவற்றவள் என அவளைத் தொடக்கத்திலே அறிமுகஞ் செய்ததும் இங்கே நினைக்கத்தக்கது. அப்பிறப்பே அவளுக்குப் பயிற்சியின் கதவைத் திறந்தது. அதே பிறப்பே அப்பயிற்சி செல்லவேண்டிய தெருவையும் முன்னரே குறித்துவைத்தது. ஐந்து வயதுக் குழந்தையிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சிலப்பதிகாரத்தை வணிக வர்க்கத்தின் எழுச்சியோடு பொருத்தி ஆராய்ந்தோர், கலையும் அங்கே பண்டமாகின்றமையைச் சுட்டுதல் இயல்பு. அது சரியே. எனினும் பண்டமாகியதால் கலை பொய்யாகிவிட்டது என்ற முடிபுக்கு இளங்கோ இடந்தரவில்லை. நாட்டிய நூலை நன்கு கடைப்பிடித்தாள் என்ற தீர்ப்பு தெருவிலே கூனி நின்ற பின்னரும் அழியாது நிற்கின்றது. பட்டம் பெற்றபின் நியமனக் கடிதத்தை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிக்கும் கலைப்பீட மாணவர் இந்த வேறுபாட்டை எளிதில் விளங்கிக்கொள்வர்: வாய்ப்பு எம்மை ஏமாற்றிவிட்டது என்பதனால் நாம் கற்றது கல்வியன்று என்று ஆகிவிடாது.

ஒப்புநோக்கிற்குக் கண்ணகியின் திருமணத்தை எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கும் வயது பன்னிரண்டு. அவளது மணப்பந்தரும் முத்துக்களால் அணிசெய்யப்பட்டது. மாதவியின் அரங்கிலும் ஓவிய விதானத்தின் கீழ் முத்துமாலைகள் தொங்குகின்றன. அங்கே மணச்செய்தியை ஊருக்கு அறிவிக்க யானைமீது மகளிர் செல்கின்றனர். இங்கே தலைக்கோலை யானை சுமக்கின்றது. ஒரே நகரம் ஒரே வயதுப் பெண்கள் இருவரையும் ஒரே வகை அணிகளோடு இருவேறு மேடைகளில் ஏற்றுகின்றது. ஒருத்திக்கு எவ்விதப் பயிற்சியும் கூறப்படவில்லை, மற்றவளுக்கு ஏழாண்டு.

கோவலனின் நிலை வேறு. பெருவணிகனின் மகனாயினும் அவன் வாணிகஞ் செய்வதைக் காப்பியத்தில் நாம் எங்கும் காண்பதில்லை. யாழ் மீட்டவும் பாடவும் நன்கு பயின்றவன் அவன் என்பதைக் கானல்வரி காட்டுகின்றது. அவனது ஆயத்தமெல்லாம் இன்பத்திற்கு. பொருளனைத்தும் தொலைந்தபின், மனைவியின் சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரையிலே வாணிகஞ் செய்து மீள்வதென முடிவு செய்கின்றான். கொலைக்களக் காதையில் அவன் செய்யப் புகும் முதல் வாணிகமே அவனது இறுதி வாணிகமாகின்றது. நூறு பொற்கொல்லர் பின்தொடர, சட்டை அணிந்து, கையிலே கோல் ஏந்தி வந்த ஒருவனைக் கண்ட மாத்திரத்தே அவன் அரசனால் மதிக்கப்பெற்ற கொல்லன் எனத் துணிந்து, அரசிக்குத் தகுந்த சிலம்பை விலைமதிக்க வல்லாயோ என வினவுகின்றான். உசாவல் இல்லை, வேறொரு கடையை நாடுதல் இல்லை, புதிய நகரின் வழக்கத்தை அறிதல் இல்லை. ஊழ் என்பதை இளங்கோவின் சொல்லாகவே ஏற்றுக்கொள்வோம். ஆயினும் ஊழ் நுழைவதற்கு வழிவிட்ட கதவு எது என்பதையும் அவரே காட்டியிருக்கின்றார். கோவலனிடம் நம்பிக்கை இருந்தது. ஆயத்தம் இன்றிப் பிறந்த நம்பிக்கை அது. மாதவியின் அரங்கிலே தூணின் நிழலையும் கணக்கிட்ட கவிஞர், மதுரைத் தெருவிலே எதையும் கணக்கிடாத ஒருவனை நடக்கவிடுகின்றார்.

மீண்டும் மாதவியிடம் வருவோம். அவளது பயிற்சி அவளுக்கே பகையாகும் இடமொன்று காப்பியத்தில் உண்டு. அரங்கேற்று காதையை அதனோடு சேர்த்துப் படித்தாலன்றி அதன் முழுப்பொருள் விளங்காது. கானல்வரியிலே கோவலன் யாழிசைத்துப் பாடுகின்றான். அவன் மனம் வேறிடத்துச் சென்றதெனக் கொண்டு, ஊடினாள் போல, மாதவியும் யாழை வாங்கி வேறொரு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். பாடலிலே ஒரு பெண்ணின் குரலை ஏற்று நடிப்பது அவள் ஏழாண்டு பயின்ற கலை. அக்கலையின் நிறைவே கோவலனுக்கு ஐயத்தைத் தருகின்றது. நன்றாகப் பாடாதவளாயின் அவன் ஐயுற்றிருக்கமாட்டான். பிரிந்தபின் வேனிற்காதையில் அவள் தாழை மடலில் எழுதி வயந்தமாலையின் கையில் அனுப்பிய ஓலையை அவன் மறுக்கும்போது, அவளுடன் கழித்த நாள்களை எண்வகை வரிக்கூத்துக்களின் பெயர்களால் எண்ணிச் சொல்கின்றான். கண்கூடுவரி, காண்வரி, உள்வரி எனத் தொடங்கும் அப்பட்டியல் ஒரு தேர்ந்த இரசிகனுடையது. அன்பாகக் காட்டியது யாவும் கூத்து. ஆடல்மகளாதலின் அவளுக்கு அது பொருந்தும் என்பது அவன் வாதம். அரங்கேற்று காதையில் சான்றிதழாக நின்ற அதே தேர்ச்சி இங்கே குற்றப்பத்திரமாகின்றது. அவள் எத்துணை வல்லவளோ அத்துணை பொய்யள் என்பதைவிடக் கொடிய தீர்ப்பு ஒரு கலைஞருக்கு உண்டா? விற்பனைக்கு வந்த மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்து வாங்கியவனே இதைச் சொல்கின்றான் என்பதையும் மறத்தலாகாது.

புறஞ்சேரி இறுத்த காதையில் வரும் இரண்டாவது ஓலையே அவனை மாற்றுகின்றது. கௌசிகன் கொணர்ந்த அம்மடலின் மண்பொறியிலே பதிந்த கூந்தலின் நெய்மணம் பழைய நாள்களை நினைவூட்ட, அதனைக் கைவிடாது பிரித்துப் படிக்கின்றான். அதில் தாழை மடலின் அலங்காரம் எதுவுமில்லை. பெற்றோருக்குரிய பணியை விட்டு, குலமகளோடு இரவிலே நீங்கியதற்குத் தான் செய்த பிழை யாதென அறியாது நெஞ்சு கலங்குவதாகவும், பொறுத்தருள வேண்டுமெனவும் மாத்திரம் எழுதியிருக்கின்றாள். படித்தவன் அவள்மேற் குற்றமில்லை, குற்றம் தன்னதே எனத் தெளிகின்றான். அவ்வோலையின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுதவேண்டியதற்கும் பொருந்துகின்றதெனக் கண்டு அதனையே அவர்களிடம் அனுப்பிவிடுகின்றான். மாதவியின் பயிற்சி எதுவும் செய்யமுடியாததை, பயிற்சியின் சாயலே படியாத சில சொற்கள் செய்துவிட்டன. கண்ணகி பாண்டியன் அவையிலே பேசும்போதும் இவ்வாறே. எந்த அவையிலும் ஏறிப் பழகாத அவளுக்குத் துணையாக இருந்தது ஒன்றே: தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்ற அறிவு. அரசனின் அவைக்கு அது போதுமாயிருந்தது. எனினும் இவற்றைக் கொண்டு, பயிற்சி வீண், உண்மையே போதும் என இளங்கோ கருதினார் எனக் கொள்வோர் அவசரப்படுகின்றனர். கண்ணகிக்கு அந்த ஒருநாள் மாத்திரமே வேண்டியிருந்தது. நாடோறும் அவையேறி வாழவேண்டிய மாதவிக்கு ஏழாண்டு வேண்டியிருந்தது.

மாதவியின் கதை மணிமேகலையிலே தொடர்கின்றது. ஊரலர் உரைத்த காதையில், இந்திர விழாவிலே மாதவியும் மணிமேகலையும் ஆடவராமையால் ஊர் அலர் தூற்றுவதைச் சொல்லி வரச் சித்திராபதி வயந்தமாலையை அனுப்புகின்றாள். வயந்தமாலை, நாடக மகளிருக்குரிய கலைகளை ஒவ்வொன்றாக எண்ணி, இவற்றையெல்லாம் கற்றுத் துறைபோன ஒருத்தி தவம் மேற்கொள்வது நாணத்தக்கது என ஊரார் பேசுகின்றனர் என்கின்றாள். அப்பட்டியலைப் படிக்கும்போது அரங்கேற்று காதையின் ஆசிரியர் அறுவரும் மீண்டும் வரிசையாக வந்து நிற்பதாகத் தோன்றுகின்றது. இம்முறை அவர்கள் கடன்கொடுத்தோராக வருகின்றனர். நீ கற்றாய், ஆகவே நீ எமக்குரியாய் என்பதே ஊரின் வழக்கு. அரங்கேற்று காதை முழுவதும் வாய்திறவாத மாதவி இங்கே விடைகூறுகின்றாள். மணிமேகலை கண்ணகியின் மகள் என்றும், அவள் தவத்திற்கன்றி வேறொன்றுக்கும் உரியளல்லள் என்றும் உறுதியாக மறுத்துவிடுகின்றாள். ஏழாண்டுப் பயிற்சி அளித்த உறுதி அவளிடம் எஞ்சியிருந்ததா, அன்றி அதனைத் துறந்ததால் வந்த உறுதியா இது என்பதைச் சாத்தனார் பிரித்துக் காட்டவில்லை. அவர் காட்டுவது வேறொரு காட்சி. தாயும் மகளும் மலர் மண்டபத்திலே இருக்கின்றனர். தந்தைக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர், அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையின்மீது விழுகின்றது. வழிபாட்டுக்குரிய மாலை தூய்மை இழந்துவிட்டது, நீயே சென்று புதுமலர் கொண்டுவா என்கின்றாள் மாதவி. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெற்ற மாலைக்குப்பின் அவள் கவலைப்படும் மாலை இது. இதற்கு யாரும் விலை குறிக்கவில்லை.